கரண்ட் வந்த அன்று செத்த மீன்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் கரையைக் கடந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருவில் அன்றைக்குப் போன கரண்ட் 12 நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த 12 நாளும் என் போட்டோ ஸ்டூடியோ முன்னறையில் இருந்த மீன் தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. கரண்ட் வந்த அன்று ராத்திரி எட்டு மணி வாக்கில் ஃபில்டர் மோட்டார் ஓட ஆரம்பித்தது, நானும் அப்பாடா என்று போய்ப் படுத்துவிட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் 14 மீன்களில் 11 மிதக்கின்றன.

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் "வோல்டேஜ் கூட வந்திருக்கும், ஷாக் அடிச்சிருக்கும்" என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். ஷாக் இல்லை. நான்தான் கொன்றேன், அதுவும் மோட்டார் பிளக்கைச் சுவரில் அப்படியே விட்டு வைத்திருந்ததால்.

அந்த 12 நாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. கணக்குப் போட்டால் 56 லிட்டர், மணலும் கல்லும் போக 48 லிட்டர் தண்ணீர் நிற்கும். காற்று மோட்டார் இல்லாவிட்டால் மீன் மூச்சுத் திணறும் என்பது எனக்குத் தெரிந்ததால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றுவோம். நான், என் மனைவி, பையன் என்று முறை வைத்து ஐம்பது அறுபது மக்கு. தண்ணீர் விழுந்து கலங்கும்போது காற்று கரைகிறது, அவ்வளவுதான் விஷயம். மூன்று நாள் தீனியே போடவில்லை, அப்புறமும் இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான். தெருக்கோடி அடிபம்பில் ஒரு குடம் அடித்து வந்து, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, மறுநாள் பழைய தண்ணீரில் அரைக்குடம் எடுத்துவிட்டு இதை விடுவோம். கூரை போனவர்களும் தென்னை மொத்தமும் சாய்ந்தவர்களும் இருக்கிற ஊரில் உட்கார்ந்து மீனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுவது எனக்கே வெட்கமாக இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் செய்தேன்.

கார்த்திகை மாதக் குளிர்ச்சி, தீனி இல்லை, மீன் எண்ணிக்கையும் அதிகமில்லை. அதனால் தாங்கின. ஆனால் தொட்டிக்குள் ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஃபில்டர் ஒன்று சும்மா மூழ்கிக் கிடந்தது. அதனுள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில்தான் மீனின் கழிவைத் தின்று நம் தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியா குடியிருக்கிறது, அதற்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் ஓட்டம் நின்றால் டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த பாக்டீரியா சாகும், அப்புறம் காற்றே வேண்டாத வேறு வகை அங்கே வந்து உட்காரும், சேர்ந்திருக்கும் சகதி எல்லாம் அழுகும். 12 நாள் அழுகியது. பிளக் போட்டபடி இருந்ததால் கரண்ட் வந்த நொடியில் மோட்டார் ஓடி, சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஆகியிருந்த அந்தக் கறுப்பு நீர் மொத்தத்தையும் தொட்டிக்குள் பீய்ச்சி அடித்துவிட்டது. மறுநாள் அந்த டப்பாவைத் திறந்தேன், அழுகின முட்டை நாற்றம். முதல் நாளே ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டிருந்தால் 14 மீனும் இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஸ்டூடியோவில் பழைய ஆர்டர் புத்தகங்கள் நிறையக் கிடந்தன, அதில் பெயர், சைஸ், காப்பி, அட்வான்ஸ் என்று கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டங்களிலேயே தேதி, என்ன தண்ணீர் விட்டேன், வெயிலா மழையா, எது செத்தது என்று எழுதினேன். மூன்று நான்கு வருடம் எழுதின பிறகு ஒரு நாள் உட்கார்ந்து புரட்டினால், சாவு எல்லாம் வருடம் முழுக்கப் பரவலாக இல்லை, கொத்துக் கொத்தாக இருக்கிறது. புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் பெரிசாக ஒன்று, சித்திரை வைகாசியில் ஒன்று. நான் வாங்கி அடுக்கி வைத்திருந்த மருந்துக் குப்பிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரில் தண்ணீர் எப்போதெல்லாம் மாறுகிறதோ அப்போதெல்லாம் என் தொட்டியில் மீன் செத்திருக்கிறது.

புரட்டாசி என்றதும் யோசிக்க வேண்டாம், ஆயுத பூஜைதான். கடையில் அப்போது உதவிக்கு இருந்த தம்பி ரொம்பச் சுத்தக்காரன். கேமரா, பிரிண்டர், ஸ்டாண்டு எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தவன், தொட்டியையும் விடவில்லை. மீனைப் பக்கெட்டில் போட்டுவிட்டு மணல், கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துப் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் ரொப்பி, கண்ணாடியில் நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். "எப்படியிருக்கு அண்ணே?" என்றான். ஜம்மென்றுதான் இருந்தது. ஐந்தாம் நாள் மோலி ஒன்று, ஆறாம் நாள் இரண்டு, அப்புறம் ஏஞ்சல்.

புதுத் தொட்டி வாங்கி அன்றைக்கே மீனும் வாங்கிப் போடுகிறவர்களுக்கு நடப்பதும் இதேதான். மீனின் கழிவிலும் மிஞ்சின தீனியிலும் இருந்து அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அதை ஓரளவுக்கு மீன் தாங்கும், வாரம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கழுவித் தள்ளினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இப்போது ஸ்பாஞ்ச் கழுவினால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிவேன், அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும். அந்தத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன். பொட்டு மட்டும் வருடா வருடம் உண்டு.

ஐப்பசிக் கதை எங்கள் அப்பாவோடு சேர்ந்தது. மழை பிடித்துக்கொண்டால், வாய்க்காலும் தெருவும் ஒன்றாகிவிட்டால், குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை கூடும். கூட வேண்டும், மனிதர்களுக்கு வாந்திபேதி வராமல் இருப்பது அதனால்தான். ஆனால் மீனுக்கு அந்தக் குளோரின் செவுளைப் பொசுக்கிவிடும். ஒரு தடவை அவசரத்தில் குழாயிலிருந்து நேராகப் பாதித் தொட்டி விட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, சில குறுக்கும் நெடுக்குமாகத் தறிகெட்டு ஓடின. ஓடிப்போய் மீன் கடையில் கேட்டதற்கு ஒரு சின்ன பாக்கெட் கொடுத்தார்கள், வெள்ளைப் படிகம், மேலே சோடியம் தயோசல்பேட் என்று எழுதியிருந்தது. எங்கேயோ படித்த பெயராக இருக்கிறதே என்று பார்த்தால், வீட்டுப் பரணில் அப்பாவின் தகர டப்பா மேல் இருக்கிற பெயர்.

அப்பா காலத்தில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவும்போது கடைசியில் ஹைப்போவில் போடுவார்கள். ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துப் படத்தை நிலைநிறுத்துவது அதுதான். அந்த ஹைப்போவும் இந்த சோடியம் தயோசல்பேட்டும் ஒன்றே. சின்ன வயதில் இருட்டறையில் சிவப்பு பல்புக்குக் கீழே அந்த டப்பாவைத் தொட்டு அடி வாங்கியிருக்கிறேன், அது இப்போது குளோரினை முறிக்கிற மருந்தாக அரை நூற்றாண்டு கழித்து வந்து நிற்கிறது. 20 லிட்டர் பக்கெட்டுக்குப் பட்டாணி அளவில் ஒரு படிகம் போதும், பல நாளில் அதில் பாதியே அதிகம். போட்டுக் கலக்கிவிட்டால் குளோரின் அந்த நிமிஷமே போய்விடும். ஒன்று மட்டும் எச்சரிக்கை, இது தனிப் படிகத்துக்குத்தான் பொருந்தும். ஸ்டூடியோக்களில் கலவையாக வந்த ஃபிக்ஸரில் ஆசிட்டும் படிகாரமும் சேர்ந்திருக்கும், அதைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். எதுவும் கிடைக்கவில்லையா, பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், அதுவே போய்விடும்.

சரி, மார்கழிக்கு வருகிறேன். புத்தகத்தில் அதிகம் இறந்தது இந்த மாதம்தான்.

மார்கழி ராத்திரியில் எங்கள் ஊரில் தொட்டித் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். மதியம் திரும்ப 26, 27. இந்த ஏற்ற இறக்கத்தில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் கடையில் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று நாமும் போய் நாலு கப்பி மீன் பாக்கெட்டில் கட்டி வாங்கி வந்து போடுவோம். மூன்றாம் நாள் பழைய மீன்கள் கல்லில் போய் உடம்பைச் சொறிகிற மாதிரி உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். நாலாம் நாள் வால் மேல் ரவையை அள்ளித் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு மேலே லேசாகப் புடைத்து, தனித்தனியாக எண்ணலாம் போல இருக்கும். நான் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு எடுத்தே பார்த்திருக்கிறேன், ஒரு கப்பியின் வாலில் மட்டும் 31.

இந்தப் புள்ளி என்பது ஓர் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அது அங்கே இருக்கும் வரை தண்ணீரில் என்ன மருந்து ஊற்றினாலும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் உதிர்ந்து கீழே விழும், மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு மாதிரி மூடிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும், அப்புறம் அத்தனை குஞ்சுகளும் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்துகிற ஒன்றிரண்டு நாளில் மட்டும்தான் அது மருந்துக்குச் சாகும். இதைத் தெரியாமல்தான் இரண்டாம் நாள் புள்ளி மறைந்ததும் "ஆச்சு, குணமாயிடுச்சு" என்று நான் மருந்தை நிறுத்தினேன். புள்ளி குணமானதால் மறையவில்லை, முட்டை வைக்கப் போகிற மாதிரி கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வந்தது.

இப்போது நான் செய்வது இது. ஹீட்டரை மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30க்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். சூட்டில் அந்தப் பூச்சியின் சுற்று வேகமாக ஓடிச் சீக்கிரம் வெளியே வரும், 30 டிகிரியில் பெரும்பாலும் அதற்குப் பெருகவும் முடியாது. சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும் என்பதால் காற்றுக் குழாயைக் கூட ஒன்று போட்டுவிடுவேன். அதோடு லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு. வேதாரண்யத்து உப்பு எங்கள் பக்கம் எந்த மளிகையிலும் கிடைக்கும், என் தொட்டிக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதை நேராகக் கொட்டாமல் மக்கில் கரைத்து, காலையில் பாதி, ராத்திரி பாதி. செடி வைத்திருந்தாலோ, அடியில் மேயும் கோரி மாதிரி மீன் இருந்தாலோ உப்பைக் குறைக்க வேண்டும், அவை தாங்காது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இன்னும் நாலைந்து நாள் இதே சூடு, இதே உப்பு. மூன்று வருடமாக வெள்ளைப் புள்ளிக்குக் கடை மருந்தே வாங்கவில்லை. சித்திரையில் இந்த நோயை நான் பார்த்ததே இல்லை, நம்மூர் வெயிலே ஹீட்டர் வேலையைப் பார்த்துவிடுகிறது.

இந்தச் சூட்டு வைத்தியம் பிடிபட்ட மிதப்பில்தான் அடுத்த தப்பையும் செய்தேன். ஓர் ஆடி மாதம் மோலிகளின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தது, ஒன்றின் முதுகில் வெளிறிப்போய்ச் சேணம் போட்டது போல ஒரு பட்டை. பூஞ்சை என்று நினைத்தேன், வெள்ளையாக இருக்கிறதே, சூடு வை என்று 31க்கு ஏற்றினேன். இரண்டே நாளில் ஆறும் போயின. அது பூஞ்சை இல்லை, காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. பஞ்சு மாதிரிதான் தெரியும். அதற்குச் சூடு என்றால் கொண்டாட்டம், தண்ணீர் சூடாக ஆக வேகமாகக் கொல்லும். ஒரு நோய்க்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குத் தீனி. தனித்தனிப் புள்ளியா, படர்ந்த பஞ்சா என்று உற்றுப் பார்க்காமல் இப்போது ஹீட்டரைத் தொடுவதில்லை.

அந்தச் சமயம் மருந்துக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். நிறையப் பேர் செய்கிறார்கள், நானும் செய்தேன். தண்ணீர் மஞ்சளாகி, வெளிச்சத்தில் பழுப்பாகி, மேலே நுரை கட்டியது. எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும், மீனுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் அதனால் நல்லதில்லை. அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவோம்? சாக்கடையில், அது வாய்க்காலுக்கு, வாய்க்கால் யாருடைய வயலுக்கோ. அப்புறம் அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நோய் மீனை எங்கள் ஊர்த் தெப்பக்குளமான ஹரித்ரா நதியில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார், அதுவும் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற அந்த முள்ளுக் கெளுத்தி தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகிக் கிடப்பது இப்படிப் பாவம் பார்த்து விட்டவர்களால்தான்.

வெயில் கால விஷயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வடுவூர்ப் பக்கத்திலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்த ஒரு விவசாயி, எழுபது வயது இருக்கும். முறைக்காகக் காத்திருந்தவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, மீனு மேல வந்து வாயப் பொளக்குதே, பாக்கலியா?" என்றார். பசிக்குது மாமா, தீனி போடணும் என்றேன். சிரித்தார். "பசிச்சா உன்னப் பாத்து ஓடி வரும். இது வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது. மூச்சு முட்டுது. எங்க குளத்துல மூடாக்கு போட்ட மறுநாள் விடியக்காலம் இப்படித்தான் நிக்கும்." அவர் சொன்னதை அன்றைக்கு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 33 டிகிரி. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவு கரைந்து நிற்கும் ஆக்சிஜன் 33இல் 7க்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும், ஆனால் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். அமோனியாவின் விஷமும் சூடு ஏற ஏறக் கூடும். அன்றிலிருந்து சித்திரையில் தீனியைப் பாதியாக்கிவிட்டேன், மூடியை எடுத்துவிட்டு மேசை ஃபேனைத் தண்ணீர் மேல் படும்படி திருப்பி வைக்கிறேன். மண்பானை குளிர்கிற அதே கணக்கு, இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம், திடீர்க் குளிர்ச்சி மார்கழியைக் கையோடு கூப்பிட்டு வருவது.

ஃபேன் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும். வற்றுவது வெறும் தண்ணீர், அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் குறையைப் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரொப்பினால் மே மாதக் கடைசியில் தொட்டி கிட்டத்தட்ட உப்பளம். வற்றினதை மழைத் தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ ரொப்புவேன், வாரம் ஒரு தடவை கால் பங்கு எடுத்து மாற்றுவதை மட்டும் போர் தண்ணீரில் செய்வேன், அதுவும் ராத்திரி முழுக்கக் காற்று விட்டு வைத்த பிறகு. எங்கள் போரில் இரும்பு உண்டு, பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல் தண்ணீரை எடுப்பேன். மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12 வாக்கில் திறந்து, கல்லணை தாண்டி, பாமணியாற்றில் தண்ணீர் வந்து சில வாரம் ஆனால் இந்தப் போர் தண்ணீரே கொஞ்சம் மாறும், டீ போட்டால் நாக்குக்கே தெரியும். அந்த மாதம் நான் கால் பங்கை அரைக்கால் ஆக்கி, இரண்டு தடவையாக மாற்றுகிறேன். எந்தத் தண்ணீரும் மீனுக்குப் பழகிவிடும், ஒரே நாளில் மாறுவதுதான் பழகாது.

புது மீன் வந்தால் மூன்று வாரம் தனிப் பக்கெட், தனி வலை. இதில் விளக்க ஒன்றுமில்லை, பொறுமைதான் இருக்காது.

இன்றைக்கு மார்கழி 9. காலையில் கடை திறந்ததும் பார்த்தேன், நீல வால் கப்பி ஒன்று காற்றுக் குழாயில் போய் இரண்டு தடவை உரசிவிட்டு வந்தது. புள்ளி எதுவும் இன்னும் தெரியவில்லை. தெர்மாமீட்டர் 23 காட்டியது, ஹீட்டரை 25இல் வைத்திருக்கிறேன், மதியத்துக்குள் 26. கல் உப்பைக் கரைத்து மக்கை மூடி வைத்திருக்கிறேன், இன்னும் ஊற்றவில்லை. சாயங்காலம் மேக்ரோ லென்ஸைப் போட்டு வாலை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.